மூன்றாவது திருஷ்டி மணி

முனிசாவின் கையில் கட்டிய சிவப்பு நூலில் மூன்று மணிகள் இருக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் குழந்தையின் தாய் மொஹிதில் தையல் கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது இரண்டுதான் இருந்தன.

வேறு யாராக இருந்தாலும், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை, எங்கேயாவது பிய்த்துப் போட்டிருக்கும் என்று விட்டிருப்பார்கள். மொஹிதில் அந்த ரகம் இல்லை. கடைக்காரன் சிரித்தால் இவள் தராசைப் பார்ப்பாள். சிரிக்காவிட்டாலும் பார்ப்பாள். கம்பளத்தைத் தூக்கி உதறினாள். மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். குழந்தையின் மரத்தொட்டிலைக் கவிழ்த்தே பார்த்துவிட்டாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான, கருப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த அந்தத் திருஷ்டி மணி கிடைக்கவே இல்லை.

பிறகு நூலை ஆராய்ந்தாள். தொங்கிய முனை ஒன்று அறுந்திருந்தது. நடுவில் போட்ட முடிச்சு காப்பாற்றியதால் மற்ற இரண்டு மணிகள் தங்கியிருந்தன. நூல் எச்சிலில் ஊறிப்போயிருந்தது. குழந்தை எந்நேரமும் அதை வாயில் வைத்துச் சப்பும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் பல்லால் கடித்த நூல் எது, கத்தரியால் வெட்டிய நூல் எது என்று பிரித்துப் பார்க்க மனசு கொஞ்சமாவது நிதானத்தில் இருக்க வேண்டும். மொஹிதிலின் மனசு அதற்குள் முற்றத்தைத் தாண்டி, எதிர்வீட்டு ஜன்னலில் கிடந்த கத்தரிக்கோலுக்குப் போய்விட்டது.

எதிர்வீடு என்றால் அந்நியர் வீடு இல்லை. மார்கிலான் ஊரில் அந்தத் தெருவில் எல்லோரும் இருப்பதுபோல ஒரே வெளிக்கதவு, ஒரே முற்றம், நடுவில் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு இந்தப் பக்கம் மொஹிதில். அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி ஓய்ஜமால். மொஹிதிலின் புருஷன் ஷெராலி இரண்டு வருஷமாக வெளிநாட்டில், கஸானில் கட்டட வேலையில் இருந்தான். ஓய்ஜமாலின் புருஷன் நூரித்தீன், மொஹிதிலுக்கு மூத்தார், டவுன் பஸ் ஓட்டினார். ஓய்ஜமால் முற்றத்து மூலையில் இருந்த தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டாள், பாதித் தெரு அதைத்தான் தின்றது. காலையில் மொஹிதில் வேலைக்குப் போனால் மத்தியானம் வரை முனிசா அவளிடம்தான்.

ஓய்ஜமாலுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தை இல்லை.

இதை மொஹிதில் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை. முனிசா முதன்முதலில் பேசிய வார்த்தை 'அம்மா' இல்லை, 'பெம்மா'. பெரியம்மாவைத்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், மொஹிதிலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது.

குளிர்காலத்தில் குழந்தைக்குச் சளி பிடித்தது. விட்டது, மறுபடி பிடித்தது. வாயைத் திறந்தே மூச்சு விட்டது. தூங்கினால் பெரிய ஆள் மாதிரி குறட்டை. இருந்த நாலைந்து வார்த்தைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. மொஹிதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போயிருக்கலாம். போனது தெருக்கோடி ஷரோஃபத்திடம். ஷரோஃபத் கண் பட்டதை எடுப்பவள். கிண்ணம் நிறையச் சாம்பல் எடுத்துத் துணியில் இறுக்கிக் கட்டி, குழந்தையின் தலையிலும் மார்பிலும் ஒற்றி ஒற்றி எடுத்தாள். துணியை அவிழ்த்தபோது ஒரு பக்கம் சாம்பல் பள்ளமாக இறங்கியிருந்தது.

"பாத்தியா? பெரிய கண்ணு," என்றாள் ஷரோஃபத்.

"யாரோட கண்ணு சின்னம்மா?"

"பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேன், எனக்கெதுக்கு வம்பு. கிட்டத்துல இருக்கற பொம்பளை. மடி காஞ்ச பொம்பளை. போதுமா?"

போதும், போதும். தாராளமாகப் போதும். மூன்று மணிகளை ஷரோஃபத்தே நூலில் கோத்து ஊதிக் கொடுத்தாள். மொஹிதில் வீட்டுக்கு வந்த கையோடு அதைக் குழந்தையின் கையில் கட்டினாள். காதில் விடச் சொன்ன சூடான பருத்தியெண்ணெயையும் விட்டாள். அதில் ஒரு மணியைத்தான் இப்போது காணோம். மணியைப் பார்த்தால் யாருக்கு உறுத்தும்? கெட்ட கண்ணுக்குத்தானே உறுத்தும்? கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மொஹிதில் ஓரகத்தியைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். மதியம் வர வேண்டியவள், நூல் தீர்ந்துவிட்டது, தலை வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு முன்னாலேயே வந்து, வெளிக்கதவின் இடுக்கு வழியாகப் பார்ப்பாள். தேடிப் போகிறவளுக்குக் கிடைக்காமலா இருக்கும்? செவ்வாய்க்கிழமையே கிடைத்தது.

முனிசா பந்தலடியில் உட்கார்ந்து கரண்டி ஒன்றை மண்ணில் குத்திக்கொண்டிருந்தது. ஓய்ஜமால் ஓசைப்படாமல் அதன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு கையில் இரும்புக் கொப்பரையின் மூடி, மறு கையில் அகப்பை. உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு மூடியில் டங்கென்று அடித்தாள். குழந்தை அசையவில்லை. ஓரடி கிட்டே வந்து மறுபடி அடித்தாள். குழந்தை அப்போதும் மண்ணைத்தான் குத்திக்கொண்டிருந்தது. ஓய்ஜமாலின் முகம் வெளுத்துப் போயிற்று.

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று மந்திரம் சொல்லித் தட்டுகிறாள்! மொஹிதில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னக்கா பண்றீங்க?"

ஓய்ஜமால் திடுக்கிட்டு மூடியைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்லடி. நீ ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

"ஏன், நான் சீக்கிரம் வரக் கூடாதா?"

"யாரு வரக் கூடாதுன்னா? உக்காரு, டீ குடி." கொஞ்ச நேரம் கழித்து, கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றியபடியே சொன்னாள். "மொஹிதில், குழந்தையை ஒருதரம் காது டாக்டர்கிட்ட காட்டிடேன். எனக்கென்னமோ பயமாயிருக்கு."

"என் பிள்ளை காதுக்கு என்ன?"

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது."

"விளையாட்டுல இருந்தா எந்தப் பிள்ளைதான் திரும்பும்? நீங்க எத்தனை பிள்ளைய வளத்துப் பாத்தீங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஓய்ஜமால் எழுந்து போய் அடுப்பைக் கிளறினாள். மொஹிதிலுக்கு ஒரு கணம் சங்கடமாக இருந்தது உண்மை. அடுத்த கணம் வேறு யோசனை வந்துவிட்டது. இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? என் பிள்ளை செவிடு என்று டாக்டர் வாயால் தெருவுக்கே கேட்க வேண்டுமா இவளுக்கு?

அந்த வாரக் கடைசியில் நாற்றம் ஆரம்பித்தது. குழந்தையின் மூக்கு ஒழுகுவது புதிதில்லை. ஆனால் இப்போது ஒரே பக்கம், இடது பக்கம் மட்டும், பச்சையாக, சமயத்தில் ரத்தக் கோடு கலந்து ஒழுகியது. பக்கத்தில் போனாலே அழுகின முட்டை வாடை. குளிப்பாட்டினாலும் போகவில்லை, உடுப்பை மாற்றினாலும் போகவில்லை. அந்தச் சின்ன முகத்தை முத்தமிடப் போய், மூச்சை அடக்கிக்கொண்டு முத்தமிட வேண்டியிருந்தது. அதற்காக மொஹிதில் தனியாக உட்கார்ந்து அழுதாள். உள்ளே ஏதோ அழுகுகிறது, பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனாள்.

ஓய்ஜமால் அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டிகளைத் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மொஹிதில் ஒரு ரொட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதைத் தொட்டுச் சொல்லுங்க. பிள்ளை கையில கட்டின நூலை நீங்க வெட்டலைன்னு சொல்லுங்க."

ரொட்டியின் மேல் சத்தியம் கேட்பது அந்த ஊரில் சும்மா விளையாட்டுக்குச் செய்கிற காரியம் இல்லை. அண்ணன் தம்பி நிலத்தகராறில்கூடக் கேட்கத் தயங்குவார்கள். ஓய்ஜமால் அவளையே பார்த்தாள். பிறகு மாவுக் கையைத் துடைத்துவிட்டு ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் அந்த நூலைத் தொட்டிருந்தா இந்த ரொட்டி என் கண்ணைப் பிடுங்கட்டும். போதுமாடி? இன்னும் ஏதாவது இருக்கா?"

மொஹிதில் திரும்பி வந்தாள். பாதி முற்றம் வருவதற்குள் அடுத்தது உதித்துவிட்டது. நூலைத் தொடவில்லை என்றுதானே சொன்னாள்? மணியைத் தொடவில்லை என்று சொல்லவில்லையே!

அதன் பிறகு குழந்தையை ஓய்ஜமாலிடம் விடாமல் இருந்திருக்கலாம். வேலைக்கு யார் போவது? பள்ளி உடுப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. விட்டுவிட்டுப் போனாள், போய்விட்டு உளவு பார்க்கத் திரும்பி வந்தாள். மூன்றாவது வாரம் புதன்கிழமை, கதவிடுக்கில் அவள் பார்த்தது இது. ஓய்ஜமால் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டிருந்தாள். முழங்கையால் அதன் கைகளை அமுக்கிக்கொண்டு, ஒரு விரலால் மூக்கை அழுத்தி மூடியிருந்தாள். குழந்தை கால்களை உதைத்தது.

மொஹிதில் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரியில் இருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

"கொல்றா! என் பிள்ளையைக் கொல்றா!"

"பைத்தியமே! மூச்சு எந்தப் பக்கம் வருதுன்னு பாத்தேன்டி! இதோ பாரு, பஞ்சு..." ஓய்ஜமால் கையில் உண்மையிலேயே ஒரு துண்டுப் பஞ்சு இருந்தது. மொஹிதில் அதைத் தட்டிவிட்டுக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். கதவருகே ஷரோஃபத் நின்று தலையை ஆட்டினாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அந்தத் தலை ஆடியது.

அன்று சாயங்காலமே மொஹிதில் கஸானுக்குப் போன் போட்டாள். ஷெராலி அண்ணனுக்குப் போட்டான். ஒன்று அவள் போக வேண்டும், இல்லை நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று மொஹிதில் சொல்லியிருந்தாள். நூரித்தீன் அதிகம் பேசாத மனுஷர். இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு ஸ்டாப்பிங் போகிற நேரம் ஆகும். பந்தலுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் கடைசியில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை இவளை இவ தம்பி வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

"சரிண்ணா."

"அப்புறம் திரும்பக் கூப்பிட முடியுமோ முடியாதோ. பிள்ளையில்லாதவளைக் கண்ணு வச்சான்னு சொல்லி அனுப்பினா, ஊரு அவளை எந்த வாசல்லயும் சேக்காது. உனக்குத் தெரியும்."

மொஹிதில் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"அதனால நீ பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. என்ன ஆச்சுன்னு எழுதி வாங்கிட்டு வா. காகிதத்துல இருந்தா நானும் நம்பறேன்."

ஆக, மொஹிதில் கடைசியில் டாக்டரிடம் போனது குணமாக்க இல்லை, சாட்சி வாங்க. வெள்ளிக்கிழமை காலையில் ஓய்ஜமால் அடுப்பு மூட்டவில்லை. மொஹிதில் தானே இரண்டு ரொட்டி சுட்டுப் பார்த்தாள். ஒன்று அடுப்புக்குள்ளேயே விழுந்தது, மற்றது அடி கருகி வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மவ்ஜூதா பருத்த உடம்புக்காரி. நெற்றியில் வட்டக் கண்ணாடி, வாயில் நாலு தங்கப் பல். குழந்தை அறைக்குள் வந்ததுமே மூக்கைச் சுளித்தாள்.

"இந்த வாடை எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா. டாக்டரம்மா, நீங்க எழுதிக் குடுக்கணும், எங்க வீட்டுல ஒருத்தி..."

"வீட்டுக் கதை அப்புறம். ஒழுகறது ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"இடது பக்கம் மட்டும்."

"ம். மடியில வச்சுக்க. கையை அமுக்கிப் பிடி."

டாக்டர் ஒரு துண்டுப் பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். குழந்தையின் இடது மூக்கை ஒரு விரலால் அழுத்தி மூடிவிட்டு, வலது துவாரத்துக்குக் கீழே பஞ்சைப் பிடித்தாள். பஞ்சு நடுங்கியது. பிறகு வலதை மூடிவிட்டு இடதுக்குக் கீழே பிடித்தாள். பஞ்சு அசையவில்லை. குழந்தை கால்களை உதைத்தது.

மொஹிதில் தன் முழங்கைக்குக் கீழே அமுங்கியிருந்த அந்தச் சின்னக் கைகளைப் பார்த்தாள். புதன்கிழமை கதவிடுக்கில் பார்த்தது இதேதான். விரல் மாறவில்லை, பஞ்சு மாறவில்லை, மடிதான் மாறியிருந்தது.

"உள்ள என்னமோ இருக்கு," என்றாள் டாக்டர். "ஒரு பக்கம் மட்டும் நாறி ஒழுகினா, சின்னப் பிள்ளைங்க மூக்குல பத்துக்கு ஒம்பது அதான். கடலை, பட்டாணி, பொத்தான்... ஒருதரம் ஒரு பய முழு தர்பூசணி விதை மூணு வச்சிருந்தான். தலையை ஆடவிடாம பிடி. ஆடினா எனக்குக் கோவம் வரும்."

மருந்து விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு நுனி வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தாள். குழந்தை வீறிட்டது. மொஹிதில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள். ஏதோ வெள்ளித் தட்டில் விழுந்து டிக்கென்றது. டாக்டர் அதைத் தண்ணீரில் கழுவி, கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"திருஷ்டி மணியாம்! நல்லாக் காப்பாத்திச்சு போ. யாரும்மா கட்டினது?"

கருப்பில் வெள்ளைப் புள்ளி. "நான்தான்," என்றாள் மொஹிதில்.

"நூல்ல மணி, பொத்தான், காசு, எதுவும் பிள்ளை கைக்கு எட்டற மாதிரி கட்டக் கூடாது. மூக்குல போனது உன் அதிர்ஷ்டம். மூச்சுக்குழாய்ல போயிருந்தா இங்க உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோம்."

பிறகு டாக்டர் விளக்கு வைத்த குழலால் இரண்டு காதையும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "எண்ணெய் விட்டியா? விடாதே. ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னால தண்ணி கட்டியிருக்கு. மூக்குக்குப் பின்னால சதையும் வீங்கியிருக்கு, குறட்டை அதனாலதான். கூப்பிட்டாத் திரும்புதா?"

"திரும்பாது. என் பிள்ளை செவிடா டாக்டரம்மா?"

"இல்ல. குளத்துல தலையை முக்கிக்கிட்டு இருந்தா நமக்கு எப்படிக் கேக்கும், அப்படிக் கேக்குது அதுக்கு. பாதிப் பிள்ளைங்களுக்குத் தானா வடிஞ்சிடும். கவனிக்காம விட்டா சில பேருக்கு நிரந்தரமா நின்னுடும். பால் எப்படிக் குடிக்குது?"

மொஹிதில் சொன்னாள். மத்தியானம் மரத்தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, ஊர் வழக்கப்படி கைகால்களைத் துணியால் கட்டி, தொட்டிலின் மேற்கட்டையிலிருந்து பால் புட்டியைத் தொங்கவிடுவாள். பக்கத்தில் உட்காராமலே குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும். அது அவள் சொந்தக் கண்டுபிடிப்பு. தெருவில் மூன்று பேருக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருந்தாள்.

"படுக்கப் போட்டுப் பால் குடுக்காதே. மூக்குக்குப் பின்னாலேருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது, பால் அதுல ஏறும். நிமித்தி உக்கார வச்சுக் குடு, கோப்பையில குடு. தொட்டிலும் போதும், பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற வயசாச்சு. அடுப்புப் புகையில உக்கார வைக்காதே. ஆறு வாரம் கழிச்சு வா." டாக்டர் பேனாவைத் தேடினாள். "எழுதிக் குடுக்கணும்னு சொன்னியே, என்ன எழுதணும்?"

"பாத்ததை எழுதுங்க," என்றாள் மொஹிதில்.

திரும்பும் பஸ்ஸில் முனிசா, டாக்டர் விட்ட மருந்தின் புண்ணியத்தில், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கியது. எத்தனையோ நாள் கழித்து அந்தக் கன்னத்தில் நாற்றம் குறைந்திருந்தது. மொஹிதில் கைக்குட்டையில் முடிந்த மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அவள் மனசு சும்மா இருக்கவில்லை. ஒருவேளை ஓய்ஜமாலே மணியை எடுத்து மூக்கில் திணித்திருந்தால்? கொஞ்ச தூரம் அந்த நினைப்பு அவளோடு சுகமாகவே பயணம் செய்தது. எச்சில் ஊறின நூல் ஞாபகம் வந்ததும் அதுவும் இறங்கிப் போய்விட்டது.

தெருமுனையில் வாய்க்கால் பாலம். பனி உருகின தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கையைத் திறந்தால் போதும். காகிதத்தையும் சேர்த்துப் போட்டுவிடலாம். டாக்டருக்கு இந்தத் தெருவே தெரியாது. மொஹிதில் பாலத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது, குழந்தை முழித்துச் சிணுங்கியபோது நடந்தாள்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. நூரித்தீன் மெத்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஓய்ஜமால் ஒரு பெரிய பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க நாலு பேர், அவர்களுக்கு முன்னால் ஷரோஃபத்.

மொஹிதில் கைக்குட்டையை அவிழ்த்து மணியை நீட்டினாள். "மூக்குல இருந்துச்சு. டாக்டர் எடுத்தாங்க."

ஷரோஃபத்தான் முதலில் சுதாரித்தாள். "யாரு உள்ள வச்சாங்கன்னு டாக்டர் சொன்னாளா?" என்றாள் மெதுவாக.

பழியை மறுபடி ஓய்ஜமால் மேல் போட ஷரோஃபத் கதவைத் திறந்து வைத்துவிட்டாள், மொஹிதில் நுழைந்துகொள்ளலாம்.

"இல்ல சின்னம்மா. நூலைக் கட்டினது நானு. பிள்ளை அதை வாயில வச்சுச் சப்பறதைப் பாத்தும் விட்டது நானு. அக்கா அன்னிக்குப் பஞ்சு வச்சுப் பாத்தாங்களே, டாக்டரும் அதையேதான் செஞ்சாங்க." காகிதத்தை மூத்தாரிடம் நீட்டினாள். அவர் படிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்ஜமால் மணியைப் பார்க்கவே இல்லை. "காதைப் பாத்தாங்களா?" என்றாள்.

"தண்ணி கட்டியிருக்காம். செவிடில்லையாம். பாதிப் பேருக்குத் தானா வடிஞ்சிடுமாம்."

ஓய்ஜமால் முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு அழுதாள். வீட்டை விட்டுப் போகும்போதுகூட அழாதவள். அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினாள். "என் தம்பி உனக்குத் தெரியுமில்ல, கூப்பிட்டாக் கேக்காதே? பொறவிச் செவிடு இல்லடி அவன். காது ஒழுகி ஒழுகி நாலு வயசுல போச்சு. நாங்க யாரும் முதுகுக்குப் பின்னால நின்னு தட்டிப் பாக்கல."

"அக்கா, போகாதீங்க."

"போறேன். உனக்காக இல்ல. நீ சந்தேகப் பிராணி, உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்." புருஷன் பக்கம் கையைக் காட்டினாள். "பதினாலு வருஷம் என் கையால தின்னுட்டு, ஒரு போன் வந்ததும் வண்டி கூட்டியாந்தாரே, இவருக்காகப் போறேன்."

மொஹிதில் உள்ளே ஓடினாள். சுவரில் ஆணியில் ஷெராலியின் ரொட்டி தொங்கியது. ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள், மீதியைத் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும், அதுவரை அது ஆணியை விட்டு இறங்காது. மொஹிதில் அடுக்களையைத் துழாவினாள். காலையில் அவள் சுட்ட கருகல்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து வேன் ஜன்னலில் நீட்டினாள்.

"ஒரு வாய் கடிச்சிட்டுப் போங்கக்கா."

ஓய்ஜமால் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "அடி கருகியிருக்கு," என்றாள். "ஒரு ரொட்டியைத் தொட்டு என்கிட்ட சத்தியம் வாங்கினே. ஒரு மாசத்துக்கு ஒண்ணு போதும்டி." ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

மொஹிதில் கடிபடாத ரொட்டியை அப்படியே கொண்டுபோய் ஷெராலியின் ரொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அதன் பிறகு மொஹிதில் வேலையை வீட்டுக்கே கொண்டு வந்து தைத்தாள். மடியில் நிமிர்த்தி வைத்துக் கோப்பையால் பால் கொடுத்தாள், பாதி சட்டையில் சிந்தியது. மரத்தொட்டிலைப் பரணில் ஏற்றினாள். நூலையும் மீதி இரண்டு மணிகளையும் ஷரோஃபத்திடமே திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நூரித்தீன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய், தனியாகத் திரும்பி வந்தார். தெரு முழுக்கக் கடை ரொட்டி தின்று மொஹிதிலைத் திட்டியது. திட்டட்டும் என்று இருந்தாள். தினமும் அவள் மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு குழந்தையின் பின்னால் போய் நிற்பாள். அடிக்கக் கை வராது. திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிடுவாள்.

முசுக்கொட்டைப் பழம் கனிந்து விழ ஆரம்பித்த வாரம், ஒரு காலை நேரம். மொஹிதில் பந்தலடியில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பழக்கறையாக உட்கார்ந்திருந்த முனிசா சட்டென்று தலையைத் தூக்கியது. வெளிக்கதவுப் பக்கம் பார்த்தது.

"பெம்மா," என்றது.

மொஹிதில் மெஷினை நிறுத்தினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் அவளுக்கும் கேட்டது.

ஓய்ஜமால் உள்ளே வந்தாள். மொஹிதிலைப் பார்க்காமல் பையை இறக்கி வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குள் போய் மூடியும் அகப்பையுமாக வந்தாள். முனிசா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது. அதைத் தூக்கி முத்தமிட்டு, கையில் பழத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். உதடு முணுமுணுத்தது. இந்தத் தடவை மொஹிதில் கிட்டத்தில் இருந்ததால் கேட்டது. "கடவுளே, கேக்கட்டும். கடவுளே, கேக்கட்டும்." அவ்வளவுதான் அந்த மந்திரம்.

டங்கென்று அடித்தாள். குழந்தை திரும்பியது. நாலடி தள்ளிப் போய் மெல்ல அடித்தாள். திரும்பிச் சிரித்தது. கடைசியில் நகத்தால் மூடியைச் சுரண்டினாள். அதற்கும் திரும்பியது. ஓய்ஜமால் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மொஹிதில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"போதும், போதும். சட்டைத் துணி நனையுது." ஓய்ஜமால் பந்தலடியில் உட்கார்ந்தாள். "அந்தக் கருகின ரொட்டி எங்கே? கோழிக்குப் போட்டுட்டியா?"

மொஹிதில் ஓடிப் போய் ஆணியிலிருந்து எடுத்து வந்தாள். ஆறு வாரத்தில் அது செங்கல்லாகியிருந்தது. ஓய்ஜமால் ஊதித் தூசியைத் தட்டி, நெற்றியில் ஒற்றி, கடைவாய்ப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"அட பாவி, பல்லு போயிடும் போலிருக்கே. டீ கொண்டா, ஊற வச்சுத்தான் தின்னணும். இது முடிய ஒரு வாரமாவது ஆகும்."

மொஹிதில் தேநீர் ஊற்றினாள். ஒரு வாரம்தானா? மிச்சச் சாமானை எடுத்துப் போக வந்திருப்பாளோ? வாசலில் வைத்த பையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். போகும்போது கொண்டுபோன அதே பெரிய பச்சைப் பைதான். நிறைந்திருந்தது.